ருஃபீனா சொன்ன மாட்டேன்

"ரொட்டி அச்சுல மாவை வச்சு அழுத்துற மாதிரி அழுத்துவாங்களாமே. நான் என்ன சோளமாவா? மாட்டேன்."

சொல்லிக்கொண்டே ருஃபீனா, சோளத் தோலில் சுற்றி வேகவைத்த தமால் ஒன்றை எவுலாலியாவின் தட்டில் வைத்தாள். அது மூன்றாவது.

எவுலாலியா சுகாதார மையத்தின் ஊழியை. மெக்சிகோவிலிருந்து வந்து ஃப்ரெஸ்னோ பக்கம் திராட்சை பறிக்கும் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பது அவள் வேலை. மையத்தின் விதி எளிமையானது. செய்துகொண்டவள் பெயருக்கு ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். மாட்டேன் என்றவள் வீட்டுக்கு மட்டும் மாதாமாதம் முதல் வியாழக்கிழமை போய்க் கெஞ்ச வேண்டும்.

அந்தத் தெருவில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்துவிட்டது. மிச்சம் இந்த ஒரு கல்லுளிமங்கிதான். இருபத்து மூன்று வியாழக்கிழமைகள் கெஞ்சியாகிவிட்டது. முழங்கால் வலி, மாதாவுக்கு விரதம், கோழி அடைகாக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. ஆனால் எவுலாலியா கதவைத் தட்டும்போது மேஜையில் இரண்டு கோப்பை தயாராக இருக்கும், பட்டை போட்ட காபி கொதித்துக்கொண்டிருக்கும்.

"அஞ்சே நிமிஷம் தோன்யா ருஃபீனா. காசுகூட வேணாம்." ருஃபீனாவின் ஐம்பத்தெட்டு வயதுக்கு உரிய 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லை எவுலாலியா ஒருநாளும் விட்டதில்லை.

"எனக்குத்தான் ஒரு வலியும் இல்லையே மகளே. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கச் சொல்றியா?"

"வலி வந்தப்புறம் போனா ரொம்ப லேட்டு."

"முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினார் எம் புருஷன், புண்ணியவான். ஒருநாளாச்சும் வெளிச்சத்துல பாத்திருப்பாரா? அவருக்கே காட்டாதத மெஷினுக்குக் காட்டணுமா?"

"அங்க பொம்பளைங்க மட்டும்தான் இருப்பாங்க."

"அது இன்னும் மோசம். ஆம்பளைன்னா பாத்துட்டு மறந்துடுவான். இவளுங்க வெளிய வந்து பேசுவாளுங்க."

எவுலாலியா சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

"அதுவும் ஒரு பக்கத்துக்கு ரெண்டு தடவையாம். கன்னத்த மெஷின்ல ஒட்டிக்கிட்டு மூச்சப் பிடிச்சுக்கணுமாம். பனிக்கட்டி மாதிரி சில்லுனு வேற இருக்குமாம்."

"இதெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஊர்ல பேசிக்கறாங்க. காபி ஆறுது, குடி."

எவுலாலியா குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தோன்யா, இன்னிக்குத்தான் கடைசி. ரெண்டு வருஷம் மாட்டேன்னு சொன்னவங்க பேரை அடிச்சுடணும்னு ஆபீஸ்ல உத்தரவு. இன்னிக்கும் மாட்டேன்னா, இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

ருஃபீனாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

எவுலாலியாவின் அம்மாவும் இப்படித்தான், வெட்கப்பட்டுக்கொண்டு மார்பில் வந்த கட்டியை ஒரு வருஷம் சால்வைக்குள் மறைத்து வைத்தே போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே எவுலாலியா ருஃபீனாவிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தாள். அம்மாவை இழந்த மாதிரி இவளையும் இழக்கப்போகிறோம் என்ற பயம், தமாலைவிடப் பெரிதாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"அப்ப நான் சரின்னு சொன்னா?" என்றாள் ருஃபீனா மெதுவாக.

"சந்தோஷமா டிக் போட்டுட்டு, அடுத்த தெருவுக்குப் போயிடுவேன்."

"ஆக, மாட்டேன்னாலும் வரமாட்டே. சரின்னாலும் வரமாட்டே."

"ஆமா. ஆனா நீங்க உசிரோட இருப்பீங்களே. அது போதும் எனக்கு. உங்க கால்ல வேணா விழறேன், ஒரே ஒரு தடவை வாங்க."

அவள் நிஜமாகவே நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். ருஃபீனா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பழைய பிஸ்கட் டப்பா. நூற்கண்டுகளுக்கு அடியிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து நீட்டினாள்.

எவுலாலியா படித்தாள். திரும்பப் படித்தாள். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியின் கடிதங்கள். போன வருஷம் ஒன்று, அதற்கு முந்தின வருஷம் ஒன்று. இரண்டிலும் ருஃபீனாவின் பெயர், இரண்டிலும் ஒரே முடிவு: மார்பகத்தில் குறை ஒன்றும் இல்லை.

"நீ மொத நாள் உங்கம்மா கதையச் சொல்லிட்டுப் போனதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த வாரமே பஸ் ஏறிட்டேன்."

"அப்புறம் ஏன் தோன்யா என்னை ரெண்டு வருஷம் கெஞ்ச விட்டீங்க?" எவுலாலியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எதிர்வீட்டு ஹசிந்தா மொத நாளே சரின்னு சொன்னா. அதுக்கப்புறம் ஒருநாளாச்சும் அவ வீட்டு வாசப்படிய மிதிச்சியா நீ?"

எவுலாலியா கடிதங்களை மடித்து டப்பாவுக்குள் வைத்தாள்.

ருஃபீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். "அது கிடக்கட்டும். இந்த வயசுல குடலுக்கும் ஏதோ ஒரு பரிசோதனை உண்டாமே?"

"உண்டு," என்றாள் எவுலாலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்குத் தனிப் பட்டியல்."

"அதுக்கு நான் சத்தியமா மாட்டேன்," என்று நான்காவது தமாலைத் தட்டில் வைத்தாள் ருஃபீனா. "ம், கெஞ்சு."