நான்கு வரியும் தப்பில்லாமல்

“உனக்கென்ன கண்ணு தெரியாதா?” என்று எட்டாம் வகுப்பில் டீச்சர் கேட்டபோது வகுப்பே சிரித்தது.

“தெரியுமே டீச்சர்” என்று அன்று சொன்ன பொய்யை, பதினான்கு வருடமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள்.

முன்பெஞ்சுக்காரி முணுமுணுப்பதைக் கேட்டே கரும்பலகையை மனப்பாடம் செய்தாள். ஏறுகிறவர்கள் பேச்சிலிருந்தே பஸ் நம்பரைப் பிடித்தாள். தெரிந்தவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, எதிரே மங்கலாக எது நின்றாலும் சிரித்து வைத்தாள். துணிக்கடை வாசல் பொம்மைக்கு மட்டும் நாலைந்து தடவை சிரித்திருக்கிறாள்.

இன்று அந்தப் பொய் வேண்டாம். கண் டாக்டர் பார்வைக் குறைவு என்று சான்றிதழ் கொடுத்தால்தான், பார்வை குறைந்தவர்களுக்கென்று ஒதுக்கிய, டெலிபோனில் பதில் சொல்லும் வேலையில் திங்கட்கிழமை சேர முடியும்.

“இன்னைக்குப் போய் கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டு வந்திருக்கியே” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா கிசுகிசுத்தாள். “அந்தக் கடைசியில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் சர்டிபிகேட்டுக்கு உக்காந்திருக்காரு பாரு. பாத்தாலே கண்ணு தெரியாதவர்னு புரியுது. நீயும் கொஞ்சம் தடுமாறேன்டி.”

“அவரு தெரிஞ்சா நான் எதுக்குக்கா இங்க வரேன்?”

லைசென்ஸுக்காக வந்திருந்த லாரி டிரைவர், சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை ஏலம் விடுவதுபோல் படித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்து அவள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எங்கோ ஏதோ கிரீச்சென்றது.

“என்ன தெரியுதோ அதைச் சொல்லும்மா” என்றார் டாக்டர்.

வெள்ளையாக ஒரு மங்கல் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. அதைச் சொன்னால் போதும்.

பழகிய வாய் சும்மா இருக்குமா?

“ப, ழ, ந, க” என்று ஆரம்பித்து, டிரைவர் படித்த நான்கு வரியையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டது.

முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு. வேலை போச்சு.

சுவரோரம், கடைசி நாற்காலியில், யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சான்றிதழ் அவள் கைக்கு வந்தது.

“பலகையைத் திருப்பி மாட்டிட்டேன்மா. இப்ப அதுல இருக்கிறது எல்லாம் நம்பர்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. ஆனால் டாக்டரின் குரல் அதற்குள் அவளைத் தாண்டிச் சுவரோரம் போயிருந்தது.

“கறுப்புக் கண்ணாடிக்காரரே, நான் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படிங்க சிரிப்பு வந்துச்சு?”

நாற்காலி நகர்ந்தது. காலடிகள், எதிலும் இடிக்காமல், விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போயின.