மேனேஜர் கேட்ட சீல்

ஓர் ஆபீஸ் மேஜையில் ஒரு ரப்பர் சீல் இருந்தது. 'நிலுவையில் உள்ளது' என்று குத்துவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை.

புதிதாக வந்த மேனேஜர் அறிவழகன் ஒருநாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சத்தம் போட்டார். "உங்க யார்கிட்டயும் சீல் இல்ல! சீல் இருந்தாத்தான்யா வேலை உருப்படும்!"

ரப்பர் சீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கேட்டியாக்கா? என்னைத்தான் சொல்றார்" என்றது, பக்கத்திலிருந்த மைப்பெட்டியிடம்.

"அட மக்கு! நீ எஸ் போட்ட சீல். அவர் சொல்றது இஸட் போட்டு வர்ற சீல். வேலையில அவ்வளவு ஆசையா, வெறியா இருக்கிறதுன்னு அர்த்தம்."

"எழுத்து எதுவா இருந்தா என்னக்கா? கூப்பிட்டது என் பேரைத்தானே!"

அதற்கப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. காலண்டரில் குத்தியது, தண்ணீர் பாட்டிலில் குத்தியது, யாரோ பாதி தின்றுவிட்டு வைத்த வடையையும் விடவில்லை.

"போதும்டா, மை தீருது" என்று மைப்பெட்டி கெஞ்சியது.

"இன்னும் ஒரே ஒரு ஆள்தான்க்கா பாக்கி."

கத்திய களைப்பில் மேனேஜர் மேஜைமேல் தலை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வழுக்கை பளபளத்தது. சீல் ஓடிவந்து ஓங்கி ஒரு குத்துக் குத்தியது. அப்போதும் குறட்டை நிற்கவில்லை.

டீ கொண்டுவந்த பியூன் செண்பகராமன் குனிந்து அந்த வழுக்கையை வாசித்தார். பிறகு வெளியே பார்த்துக் கூவினார்:

"எல்லாரும் ஓடியாங்க! சாருக்கு சீல் வந்துடுச்சு!"