மூன்றாம் சரணம்

"அந்தச் சாந்தினி என் இடத்தைப் பிடிக்கப் பாக்குறா, ஐயா. எனக்கு நல்லாத் தெரியும்."

போதகர் யோகேந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவே பிரேமாவதிக்கு உறுத்தியது.

மலேசியாவின் சிடாம் கிரி தமிழ்ச் சபையில் பாடகர் குழு என்றால் பிரேமாவதிதான். ஞாயிறு ஆராதனையை முடித்துவைக்கும் கீர்த்தனையில், மூன்றாம் சரணத்தின் கடைசி அடி உச்சத்துக்கு ஏறும். அதை அவள் ஒருத்திதான் பாடுவாள். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

இப்போது சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இந்தச் சின்னப் பெண் சாந்தினி குழுவில் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"கொஞ்ச நாளா அந்த அடி வந்ததும் கையைத் தூக்கி சபையையே பாடவைக்கிறா. ஜெபத்துல தூங்குற பக்கிரிசாமி அண்ணன்கூட அங்க மட்டும் தொண்டை கிழியக் கத்துறாரு. என் குரல் எனக்கே கேக்கலை!"

"சபையார் சேர்ந்து பாடுறது நல்லதுதானேம்மா?"

ஓ, இவரும் அவள் பக்கம்தான்.

கீபோர்டு வாசிக்கும் ஜெயகுமார் மட்டும் என்ன யோக்கியம்? பயிற்சியில் மூன்றாம் சரணம் வந்தால் போதும், "தெரிஞ்ச பாட்டுதானேக்கா, விடுங்கலா" என்று நிறுத்திவிடுகிறான். போன சனிக்கிழமை அவனும் சாந்தினியும் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"ஈஸ்டருக்கு அந்த அடியை நான் மட்டும்தான் பாடுவேன். வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நீங்களே சொல்லிடுங்க, ஐயா. இல்லைன்னா இனிமே குழுவுக்கே வர மாட்டேன்."

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரிம்மா."

அங்கிருந்து நேராகச் சாந்தினியிடம் போனாள்.

"ஈஸ்டர் அன்னைக்கு உன் கை கீழேயே இருக்கணும், புரியுதா?"

"அக்கா, அது வந்து..."

"உன் வயசுல எனக்கும்தான் பாட ஆசை. ஆனா அடுத்தவ குரலை அமுக்கிட்டுப் பாடலை."

சாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லாத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் பிரேமாவதி.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை. ஆலயத்தில் நிற்க இடமில்லை.

மூன்றாம் சரணம் வந்தது. சொன்னபடியே எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். சாந்தினி இரண்டு கைகளாலும் பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிரேமாவதி மூச்சை இழுத்து அந்த அடியை எடுத்தாள்.

பாதி ஏறும்போதே குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

கீபோர்டும் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை.

கடைசி வரிசையிலிருந்து பக்கிரிசாமி அண்ணன், சுருதியே இல்லாமல், அந்த அடியை எடுத்தார். உடனே சபை முழுவதும் சேர்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்து பின்கூடத்தில் பீஹூன் என்னும் அரிசிச் சேமியா பரிமாறினார்கள். பிரேமாவதி சாந்தினியை ஓரமாக அழைத்துப் போனாள்.

"எத்தனை நாளா என் குரல் இப்படி?"

"கிறிஸ்மஸ்லேருந்துக்கா."

"அதை மறைக்கத்தான் கையைத் தூக்குனியா?"

சாந்தினி தலையாட்டினாள்.

"அப்போ ஐயாவுக்கும் ஜெயகுமாருக்கும் தெரிஞ்சிருக்கு. வேற யார் யாருக்குத் தெரியும்?"

சாந்தினி கூடத்தைப் பார்த்தாள். அத்தனை பேரும் தலையை நிமிர்த்தாமல், தட்டையே பார்த்தபடி பீஹூன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு மட்டும்தான்க்கா தெரியாது."