மேற்குப் பார்த்த கதவு

"அந்தப் பசையைக் கீழ வையுங்கோ. அது தெர்மாகோலைத் தின்னுடும்."

கோமளம் சொல்லி முடிப்பதற்குள் ஸ்ரீரங்கன் தடவிய இடம் குழிந்து பல்லை இளித்தது. கடைக்காரன் பேச்சைக் கேட்டு அவர் வாங்கி வந்த பசை அது.

"நவராத்திரிக்கு நவராத்திரி கோபுரமும் தெப்பக்குளமும் பண்றவ நான். இதுக்கு வெள்ளைப் பசைதான். நீங்க அளவு டேப்பைப் பிடிச்சுண்டு நில்லுங்கோ, போதும்."

முப்பது வருஷம் வங்கியில் பத்துப் பேரை ஏவிப் பழகியவர், மறுபேச்சில்லாமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மந்தைவெளியில் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேற்குப் பார்த்த இரும்புக் கதவு. சித்திரை மாதம் மத்தியானத்துக்கு மேல் அதில் தோசை வார்க்கலாம். உள்ளே நிற்பது ஸ்ரீரங்கனின் இருபத்தாறு வயதுக் கார். போன கோடையில் டாஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்துவிட்டது. 'இந்த வருஷமும் வெந்துதுன்னா பேசாம வித்துடலாம்ப்பா' என்று பெங்களூரிலிருந்து மகன் அச்யுத் கறாராகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கோமளம், "கதவை நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தக் காரை வாய்க்கு வாய் 'என் சக்களத்தி' என்று சொல்பவள். ஸ்ரீரங்கன் உருகிப் போனார்.

கதவின் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே ஒவ்வொரு கட்டமாக அளந்து, தெர்மாகோலை அறுத்து ஒட்டினாள். அதன்மேல் பளபளவென்று வெள்ளித்தாள் போர்த்தினாள். தரைக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்துக்கு ரப்பர் பட்டை வைத்தாள். நாலு நாள் வேலை. விரலெல்லாம் பசை.

"இன்னா மாமி, கதவுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கினு கீறீங்க?" என்றார் வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடும் தணிகாசலம்.

ஸ்ரீரங்கன் முந்திக்கொண்டார். "எல்லாம் காருக்குப்பா. அறுபது வயசுல, ஆத்துக்காரர் வண்டி வாடக் கூடாதுன்னு எந்தப் பொம்மனாட்டி இப்படி மாடா உழைப்பா, சொல்லு."

தணிகாசலம் மாமியைப் பார்த்தார். மாமி டேப்பைச் சுருட்டினாள்.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு ஸ்ரீரங்கன் உள்ளே மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "முப்பத்தேழு. போன வாரம் நாப்பத்து மூணு. ஜெயிச்சுட்டே கோமளம்."

"போறாது. முப்பத்தஞ்சுக்குக் கீழ வரணும்."

"காருக்கு இது தாராளம்."

"போறாதுன்னா போறாது."

கீல் பக்கம் உள்ளங்கையை வைத்து, அனல் எங்கே நுழைகிறது என்று தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். அங்கெல்லாம் ஸ்பாஞ்சை வைத்து அடைத்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு முப்பத்து நாலு.

ஸ்ரீரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. அச்யுத்துக்குப் போன் போட்டு, "உங்கம்மாவை மாதிரி உண்டாடா? இனிமே விக்கற பேச்சே கூடாது" என்றார். அதோடு விட்டாரா? பூங்காவில் நடக்கிறவர்கள், எதிர் ஃபிளாட்காரர்கள், ரேஷன் கடை வரிசை என்று ஒருவர் பாக்கியில்லை. "நாளைக்கு மூணு மணிக்கு வந்து உள்ள நின்னு பாருங்கோ. எல்லாம் என் ஆம்படையாள் கைவேலை."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஷெட் வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று நெஞ்சு நிமிர்ந்தது. கதவை அகலத் திறந்தார்.

உள்ளே கார் இல்லை. ஜமக்காளம் விரித்து, அவர் அழைத்தவர்களின் பெண்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலத்தின் மகள் வைதேகி முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். எதிரே கோமளம், மடியில் வீணையோடு.

"கோமளம், வண்டி எங்க?"

மூலையில் நின்ற தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "நாந்தான் சார், நீங்க தூங்கசொல்ல தள்ளிக்கினு போயி தெருமுனையில வுட்டேன். மாமி சொல்லிச்சு."

"அங்க ஒரு பொட்டு நிழல் கிடையாதே."

"காருக்கு டாஷ்போர்டுதானே வெடிக்கும். வீணையில பித்தளை மெட்டெல்லாம் பதிச்சிருக்கற மெழுகு இளகித்துன்னா, மெட்டு நகர்ந்து ஸ்வரமே போயிடும்" என்றாள் கோமளம், தந்தியை மீட்டியபடி. "நீங்க அழைச்ச ஆத்துக்கெல்லாம் நானும் பின்னாலேயே போன் பண்ணினேன். ஒரே நாள்ல என் வீணை கிளாஸுக்குப் பன்னெண்டு பேர் சேர்ந்துட்டா. இப்பக் கொஞ்சம் வெளியில நின்னுண்டு கதவைச் சாத்துங்கோ, அனல் உள்ள வரது."