வினய்க்கு ஒரு பாலிசி

“இருக்கறதுலயே நல்ல இன்ஷூரன்ஸா ஒண்ணு போடும்மா. பையன் வினய்க்கு. பாலி டூர்,” என்றார் நாராயணசாமி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

கவுன்ட்டரில் இருந்த ஹம்சாவுக்கு உற்சாகமாகிவிட்டது. செகந்திராபாத் கடைத்தெருவில் இருக்கும் அந்த டிராவல்ஸ் ஆபீஸில் தமிழ் பேச ஆள் கிடைப்பதே அபூர்வம்.

அவர் பின்னாலேயே வந்த மனைவி மங்களம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். அவள் கால்களில் இருந்த செருப்புகள் ஒரே ஜோடி இல்லை. ஹம்சா அதைக் கவனித்துவிட்டு நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“பெட்டி தொலைஞ்சா கவர் ஆகும் அங்கிள். ஃப்ளைட் லேட்டானா, பாஸ்போர்ட் காணாமப் போனா...”

“அதெல்லாம் நக்கோம்மா, வேண்டாம். கடல்ல குளிக்கறப்போ ஏதாவது ஆச்சுன்னா?”

“ஹவ் அங்கிள், ஆமா, அதுவும் இருக்கு. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கொடுத்துடுவாங்க.”

“அதுக்கும் மேல... உயிருக்கே ஒண்ணுன்னா? இங்கே கொண்டு வந்து சேர்க்கறது வரைக்கும் அவங்களே பார்த்துப்பாங்களா?”

“பார்த்துப்பாங்க. ஆனா அந்தப் பேச்சே எதுக்கு அங்கிள்? சின்ன வயசு, ஜாலியா சுத்தட்டும்!”

ஹம்சா சிரித்தாள். அவளுடைய அப்பாவும் இப்படித்தான். தோழிகளோடு கோவாவுக்குக் கிளம்பியபோது, அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பரை எழுதி அவள் கையில் திணித்தவர் அவர்.

“வினய் என்னிக்குக் கிளம்பறார்?”

நாராயணசாமி கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “அவன் போயாச்சும்மா. இன்ஷூரன்ஸ் எடுத்துக்கோடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு வார டூருக்கு எதுக்குப்பான்னுட்டான்.”

ஹம்சா டைப் செய்வதை நிறுத்தினாள். ஆள் ஊரைவிட்டுப் போன பிறகு பெரும்பாலான கம்பெனிகள் பாலிசி தருவதில்லை. ஆனாலும் ஏதோ தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற மனுஷன் போலத் தெரிந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

“பரவாயில்ல அங்கிள், ஒரே ஒரு கம்பெனி தருவாங்க. வினய்க்கு வீடியோ கால் போடுங்க. ‘நல்லா இருக்கேன்’னு அவர் வாயால சொன்னாப் போதும்.”

நாராயணசாமி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் தூங்கிட்டிருப்பான்மா.”

“இந்தப் பகல்லயா? எழுப்புங்க அங்கிள், ஒரு நிமிஷ வேலை.”

“எழுப்ப முடியாதும்மா... நீயே எப்படியாவது பார்த்துப் போட்டுக் குடேன்.”

அப்பா வயசுக்காரர் தன் எதிரே கைகூப்புவதைப் பார்த்து ஹம்சா பதறி எழுந்துவிட்டாள். ஒரு பாலிசிக்காக ஏன் இவ்வளவு கெஞ்சுகிறார்?

மங்களம் கணவரின் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். உள்ளே வந்ததிலிருந்து முதல்முறையாக வாய் திறந்தாள்.

“இன்னிக்கு எடுத்தா, நேத்து செத்துப்போன பிள்ளைக்குச் செல்லுமாம்மா?”