கராஜுக்கு ஒரு கம்பளி

மெல்போர்ன் நகரத்து மல்கிரேவ் பகுதியில் வீடு வைத்திருக்கும் கல்யாணசுந்தரம் ஒரு ரைஸ் குக்கர் வாங்கவே ஏழு வாரம் ஆராய்ச்சி செய்தவர். அப்படிப்பட்டவர் குளிர் இறங்காமலிருக்க கராஜ் கூரைக்கு இன்சுலேஷன் போடக் கிளம்பினால் கேட்கவா வேண்டும்?

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் எதைப் பரப்புவது என்பதுதான் கேள்வி. கண்ணாடி இழையில் செய்யும் கண்ணாடிக் கம்பளியா, பாலியெஸ்டரா, அசல் ஆட்டுக் கம்பளியா? மூன்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டார். மூன்று வாரமாக அந்த வீட்டில் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

அந்த கராஜில் கார் இல்லை. மூன்று வருஷமாக யோகேஸ்வரன்தான் வாடகைக்கு இருக்கிறார். பக்கத்து டண்டினொங்கில் ஒரு கிடங்கில் வேலை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் ஒரு சின்ன அடுப்பு, அவ்வளவுதான் அவருடைய குடித்தனம்.

முதல் குளிர்காலத்தில், குளிர் தாங்க முடியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"புதுசுதானே தம்பி, பழகிடும்" என்றார் கல்யாணசுந்தரம்.

இரண்டாவது குளிர்காலத்தில் இருமிக்கொண்டே போய்ச் சொன்னார். அப்போதும் அதே பதில்தான். மூன்றாவதில் அவர் சொல்லவே இல்லை. இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு படுத்தார். இருமல் மட்டும் விடவில்லை. அடிக்கடி லீவு போட்டதில் வேலையிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் வேலை மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்.

நாலாவது குளிர்காலம் தொடங்கவிருந்த இந்த ஏப்ரலில்தான் கல்யாணசுந்தரத்துக்கு ஞானம் பிறந்தது.

நண்பர் ஸ்ரீகாந்த் வந்தவர் மேஜையைப் பார்த்து அசந்துபோனார். வாடகைக்கு இருப்பவருக்காக இவ்வளவு மெனக்கெடும் ஆளை மெல்போர்னில் தான் பார்த்ததே இல்லை என்றார். கல்யாணசுந்தரம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமாகச் சிரித்துவைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அங்கேயும் அதே சிரிப்புதான்.

கண்ணாடிக் கம்பளிதான் மலிவு, அதையே வாங்கிவிடலாம் என்று ஒருநாள் முடிவு செய்தார். மனைவி மீனாம்பாள் விடவில்லை.

"அது தூள் கொட்டும்ங்க. சாப்பிடுற பொருள் மேல விழுந்தா என்ன ஆகறது?"

குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்து வைக்க வந்த யோகேஸ்வரன் காதில் இது விழுந்தது. தன் அடுப்பையும் சோற்றுச் சட்டியையும் நினைத்துப் பார்க்க இந்த ஊரில் ஒரு அக்கா இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனார். உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"இஞ்சயும் மனுசர் இருக்கினம், யோகராணி" என்றார்.

ஆட்டுக் கம்பளியில் பூச்சி வரும் என்று கல்யாணசுந்தரம் எங்கோ படித்திருந்தார். அதனால் அதுவும் கழிந்தது. கடைசியில் பாலியெஸ்டர் ஜெயித்தது.

போடுவதற்கு ஆள் தேடியபோது யோகேஸ்வரன் குறுக்கே வந்தார்.

"ஆள் ஒண்டும் வேண்டாம் அண்ணை. எனக்காண்டி இவ்வளவு செய்யிறியள். நானே போட்டுத் தாறன்."

கல்யாணசுந்தரம் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, யோகேஸ்வரனுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். சீலிங்குக்கு மேலே ஏறி, மரச்சட்டங்களின் மேல் தவழ்ந்து தவழ்ந்து, ஒவ்வொரு துண்டாகப் பொருத்தினார். முட்டி உரிந்தது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. கீழே நின்றபடி கல்யாணசுந்தரம் டார்ச் அடித்தார். ஜன்னலுக்கு மேலே இருக்கும் மூலையில் மட்டும் இரண்டு அடுக்காகப் போடச் சொன்னார். யோகேஸ்வரனின் கட்டில் அந்த ஜன்னலோரத்தில்தான் இருந்தது. இவ்வளவு கரிசனமா என்று அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், கட்டில் ஜன்னலோரத்தில் இல்லை. ரோலர் கதவுப் பக்கம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அந்தக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெளிக்காற்று உள்ளே வருவதே அந்த வழியாகத்தான்.

ஜன்னலோரத்தில் நான்கு கறிவேப்பிலைத் தொட்டிகள் இருந்தன. சுவரில் புத்தம் புதிய தெர்மாமீட்டர் ஒன்று தொங்கியது.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. வீட்டுக்குள்ள வச்சா கார்ப்பெட்டெல்லாம் மண்ணு. செடிக்கு வெளிச்சம் வேணும், அதான் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிட்டேன்" என்றார் கல்யாணசுந்தரம். "பத்து டிகிரிக்குக் கீழ போனா எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க."

யோகேஸ்வரன் தொட்டிகளைப் பார்த்தார். மேலே சீலிங்கைப் பார்த்தார். வந்த இருமலை அடக்கிக்கொண்டார்.

"ஓம் அண்ணை" என்றார்.

கூட வந்திருந்த மீனாம்பாள் ஒரு கொழுந்தை மெல்லத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"போன வருஷம் ஒரு செடி வெளியில இருந்தது தம்பி. புதுசுதானே, பழகிடும்னு இவர் விட்டுட்டார். ஒரே ஒரு குளிர்காலம்தான். அதைக்கூடத் தாங்கல, பாவம்."