கடிபட்ட காளான்

ரியாசுதீன் உப்பு லோடு ஏற்ற மரக்காணம் போனால், உப்பளத்து ஓரச் சேற்றில் முளைக்கும் காளானைத் துண்டில் முடிந்துகொண்டுதான் செஞ்சிக்குத் திரும்புவான். கசக்கிறதா என்று முதல் காளானை ஓரத்தில் கடித்துப் பார்த்த பிறகே மற்றதைப் பறிப்பான். கடித்ததையும் எறிய மாட்டான். அவன் முன்பல் பாதி உடைந்தது. அதனால் கடித்த இடத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு மேடு நிற்கும். அந்தக் குழம்புக்கு அவன் மனைவி ரஹமத் உப்பே போட மாட்டாள். காளானிலேயே இருக்கும்.

எண்பத்தைந்தில் அடித்த புயலுக்குப் பிறகு அவன் லாரி மட்டும்தான் கிடைத்தது.

நாற்பதாம் நாள் காலையில் அவன் தம்பி நசுருதீன் அரிசிப் பையோடு வந்தான்.

"அண்ணி, இன்னிக்கு பாத்திஹா ஓதிடலாம். எத்தினி நாளு இப்பிடியே இருக்கிறது?"

ஓதிவிட்டால் ரியாசுதீன் இறந்துபோனதாக வீடே ஒப்புக்கொண்ட மாதிரி. ரஹமத் அவனைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் விட்டுப்போன காலி உப்புச் சாக்கு சுவரோரம் கிடந்தது. அதன்மேல் ஏழு காளான் முளைத்திருந்தது.

"இன்னா அண்ணி இது? உப்புல எதுனா மொளைக்குமா?"

"குனிஞ்சு பாரு."

ஒரு காளானின் ஓரம் கடிபட்டிருந்தது. நடுவில் சின்ன மேடு. நசுருதீன் விரலால் தொட்டுப் பார்த்தான். கடித்த இடத்தில் ஈரம் காயவில்லை.

அவன் நிமிர்வதற்குள் ரஹமத் ஏழையும் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"அந்த அரிசியக் குடு," என்றாள். "மூணு பேருக்கு ஒல வெக்கணும்."